பாதிக்கு மேல்

கணவருடைய காரைத் தொழிற்சாலைக்கு வெளியே நிறுத்தச் சொல்லும் தாளில் அவளே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

அந்தக் கார் தொழிற்சாலையின் ஸ்டோரில் அவளுக்குப் பதினான்கு வருட வேலை. கதவுக் கைப்பிடியானாலும் கண்ணாடித் துடைப்பானானாலும் அவள் கண்ணில் படாமல் லைனுக்குப் போகாது. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, யார் செய்தது, எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பதிவேட்டில் எழுதுவது அவள் பொறுப்பு. எல்லோருக்கும் அவள் ஸ்டோரம்மா. கணவரும் அங்கேதான், அசெம்பிளி லைனில் இருந்தார். அவளுடைய அண்ணனும் அதே லைன். பக்கத்தில் நின்று போல்ட் முடுக்குகிற மனிதருடைய குணத்தைப் பார்த்துவிட்டுத் தங்கைக்குப் பேசி முடித்தவன் அவன்தான்.

கணவருக்கு இடது முட்டி போய்விட்டது. பத்தொன்பது வருடம், நாளொன்றுக்கு நூற்றுப் பத்துத் தடவை முட்டி போட்டு வண்டிக்கு அடியில் போல்ட் முடுக்கினால் யாருக்கும் போகும். இனிமேல் கிளட்ச் மிதிக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொழிற்சாலையில் தயாரான எல்லா மாடலிலும் கிளட்ச் இருந்தது. அதனால் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பழைய காரை, கியர் தானாக மாறுகிற சின்ன வண்டியை, செகண்ட் ஹேண்டாக வாங்கினார். அண்ணன் அந்த வண்டியில் ஏறி உட்காரக்கூட மறுத்தான். நம் கையால் செய்த வண்டி இத்தனை இருக்கும்போது கப்பலில் வந்தது எதற்கு என்று கேட்டான்.

"முட்டியை இப்படி ஆக்கினதும் நம்ம வண்டிதான் மச்சான்," என்று கணவர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் புதிதாக ஒரு பணியாளர் மேலாளர் வந்தார். சட்டைப் பையின் மேல் தகரத்தில் செய்த சின்னக் கொடி ஒன்றைக் குத்திக்கொண்டிருப்பார். அதை அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை. கொடிக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. விற்பனை சரிந்துகொண்டிருந்த காலம் அது. இறக்குமதி வண்டிகள் தெருவெல்லாம் நிறைந்துகொண்டிருந்தன. நம் ஆட்களே வெளிநாட்டு வண்டியில் வேலைக்கு வந்தால் ஊர் எப்படி நம் வண்டியை வாங்கும் என்று கூட்டத்தில் கேட்டார். கைதட்டினார்கள். அண்ணனும் தட்டினான்.

ஒரு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. இந்நாட்டு வண்டிகளுக்கு மட்டுமே தொழிற்சாலைக்குள் அனுமதி. மற்றவை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், லாரிகள் நிற்கிற மைதானத்தில் நிற்க வேண்டும். எது இந்நாட்டு வண்டி என்று தொழிற்சங்கம் கேட்டது. வெளிநாட்டுக் கம்பெனி இங்கேயே செய்கிற வண்டியை என்ன செய்வது? கொடிக்காரர் இரண்டாவது சுற்றறிக்கை எழுதினார். ஒரு வண்டியின் பாகங்களில் பாதிக்கு மேல் இந்த நாட்டில் செய்ததாக இருந்தால் அது இந்நாட்டு வண்டி. எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் முதல்முறை கேட்டுக்குள் வரும்போது ஸ்டோர் பிரிவு பாகப் பட்டியலைச் சரிபார்த்துச் சான்று தர வேண்டும். ஸ்டோரின் சான்றே இறுதி. அதிகாரிகளுக்கு மட்டும் சலுகையா என்று யாரோ முணுமுணுத்ததால் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: இதில் யாருக்கும் எதற்கும் விதிவிலக்கு இல்லை.

கணவருடைய வண்டிக்கான தாளைக் கொடிக்காரரே எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார். கூட இரண்டு அதிகாரிகள். அவளுக்குக் கீழே இன்னொரு எழுத்தர் இருந்தாள், அவளே போட்டிருக்கலாம். அவர் விடவில்லை.

"நீங்க போட்டாத்தான் மத்தவங்க வாயத் திறக்க மாட்டாங்க," என்றார். பிறகு அதிகாரிகள் பக்கம் திரும்பி, வீட்டுக்குள்ளேயே எல்லைக்கோடு போட்டாயிற்று என்று ஏதோ சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். அவள் டாக்டரின் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். அவர் வாங்கிப் பார்க்கவில்லை. முட்டி வலிக்கிறது என்றால் பஸ்ஸில் வரட்டும் என்றார். அவள் கையெழுத்துப் போட்டாள். இறக்குமதி வண்டி, உள்ளே அனுமதி இல்லை. அது பொய்யும் இல்லை.

மைதானத்திலிருந்து தொழிற்சாலைக்கு வர நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். ஏற நாற்பத்தாறு படி, இறங்க நாற்பத்தாறு படி. கணவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறுவதை அவள் ஸ்டோர் ஜன்னலிலிருந்து தினமும் பார்த்தாள். லைனில் வேலை செய்கிறவர்கள் அவரைக் கடந்து வேகமாகப் போனார்கள். அண்ணனும் சில நாள் கடந்து போனான்.

பிறகு உணவுக்கூடத்துப் பலகையில் ஒரு புகைப்படம் ஒட்டினார்கள். மைதானத்தில் நிற்கிற பதினோரு வண்டிகள், நம்பரோடு. மேலே பெரிய எழுத்தில்: இவர்கள் யாருக்குச் சோறு போடுகிறார்கள்? மூன்றாம் நாள் கணவருடைய காரின் ஓட்டுநர் பக்கக் கதவில் யாரோ ஆணியால் துரோகி என்று கீறியிருந்தார்கள். யாரென்று கேட்டு ஒரு பயனும் இல்லை. அண்ணனிடம் சொன்னபோது, நான் அப்பவே சொன்னேனே என்றான், அவ்வளவுதான். கணவர் அந்தக் கதவோடேயே ஓட்டினார். பெயின்ட் அடிக்கலாம் என்று அவள் சொன்னதற்கு, அடித்தால் மறுபடியும் கீறுவார்கள், இருக்கிற எழுத்து போதும் என்றார்.

ஏழாவது வாரம் மழை பெய்த ஒரு காலையில், கூட்ட நெரிசலில், பாலத்துப் படியில் அவருக்குக் கால் வழுக்கியது. முட்டிச் சிப்பி இரண்டாகப் பிளந்துவிட்டது. விபத்து கேட்டுக்கு வெளியே நடந்தது, ஆகவே வேலை விபத்து ஆகாது என்று கொடிக்காரர் கடிதம் அனுப்பினார். நான்கு மாதம் கழித்துக் கோலூன்றிக்கொண்டு போய் நின்றபோது, உட்கார்ந்து செய்கிற வேலை எதுவும் காலியில்லை என்று இரண்டாவது கடிதம் கொடுத்தார். பத்தொன்பது வருடத்தை ஒரு பழுப்பு உறையில் போட்டுக் கையில் கொடுத்துக் கைகழுவி விட்டார்கள்.

அவள் வேலையை விடவில்லை. வீட்டில் வருகிறது ஒரு சம்பளம், கல்லூரியில் ஒரு மகள். தினமும் காலையில் அதே கேட், அதே ஜன்னல், அதே பாலம். கொடிக்காரர் எதிரில் வந்தால் வணக்கம் சொல்வாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அவர் வண்டி டயரில் ஆணி வைப்பதைப் பற்றி யோசித்தாள். மேலிடத்துக்கு மொட்டைக் கடிதம் எழுதுவதைப் பற்றி யோசித்தாள். எல்லாம் சின்னத்தனமாகப் பட்டது; அந்த மனுஷனுக்கு அது போதாது. பல் துலக்கும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, தாளிக்கும்போது, எந்நேரமும் அவள் மனசுக்குள் அவரை நிற்க வைத்து ஏதாவது செய்துகொண்டே இருந்தாள். ஆறு மாதத்தில் ஐந்து கிலோ இளைத்துவிட்டாள். பார்த்தவர்கள் கணவரைப் பற்றிய கவலை என்றார்கள்.

அந்த வருடக் கடைசியில் புது மாடலை அறிவித்தார்கள்.

விளம்பரம் ஊரெல்லாம் நின்றது. வயலுக்கு நடுவே ஒரு சிவப்பு வண்டி, பக்கத்தில் ஒரு குடும்பம், கீழே 'முழுக்க முழுக்க நம்முடையது'. வாசகம் கொடிக்காரருடையது என்று பேசிக்கொண்டார்கள். தலைமை அலுவலகத்தில் அவர் பெயர் மேலே போய்விட்டதாகவும், அடுத்த வருடம் தொழிற்சாலையே அவர் கையில் வரும் என்றும் சொன்னார்கள். அந்தச் சிவப்பு வண்டிக்கான பெட்டிகள் ஸ்டோருக்கு வர ஆரம்பித்தன. என்ஜின் மரப்பெட்டியில் வந்தது, கடல் உப்பு படிந்த மரப்பெட்டி. கியர்பெட்டி வேறொரு நாட்டிலிருந்து. கம்பிக் கட்டுகள், விளக்குகள், மின்பலகைகள், பிரேக், ஸ்டியரிங், எல்லாம் கப்பலில் வந்தவை. தகடு, இருக்கை, கண்ணாடி, டயர், ரப்பர் இவை மட்டும் இங்கே செய்தவை. லைனுக்கு அனுப்பும் முன் பெட்டிகளிலிருக்கிற நாட்டுப் பெயர்ச் சீட்டுகளைக் கிழித்துவிடச் சொல்லிக் கொள்முதல் பிரிவிலிருந்து வாய்மொழியாக உத்தரவு வந்தது. கிழித்தார்கள். கிழிப்பதற்கு முன் அவள் பதிவேட்டில் எழுதினாள். எழுதுவதுதானே அவள் வேலை.

முதல் வாரத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த அன்று மத்தியானம் அவளுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

நான்கு மாதம் சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து பட்டியலை வரிவரியாகச் சரிபார்த்தாள். அந்த வண்டியில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது பாகங்கள். சந்தேகமானது ஒவ்வொன்றையும் கம்பெனிக்குச் சாதகமாகவே எழுதினாள். இருக்கைத் துணியின் நூல் வெளிநாடு, நெய்தது இங்கே. இங்கே என்று எழுதினாள். கதவுப் பூட்டின் உள்பாகம் வெளிநாடு, மூடி இங்கே; அதையும் இங்கே என்று எழுதினாள். நாளைக்கு எவனும் வந்து இதில் ஒரு ஓட்டையைக் காட்டிவிடக் கூடாது. அப்படியும் இந்த நாட்டில் செய்தது எண்ணூற்றுப் பதினொன்றுதான். பாதிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

வீட்டில் ஒருநாள் கணவரிடம் சொன்னாள். அவர் காலை ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு கேட்டார்.

"விட்டுரு," என்றார். "நமக்குன்னு இருக்கறது உன் வேலை ஒண்ணுதான்."

"நான் என் வேலையத்தாங்க செய்யப் போறேன்."

"மச்சான் அங்கதான இருக்கான்."

அண்ணனைப் பற்றி அவள் நினைக்காமல் இல்லை. நினைத்துவிட்டுத் தள்ளி வைத்தாள்.

பத்திரிகைக்குக் கொடுத்தால் வெளியே விட்டவள் என்று அவளை ஒரே நாளில் தூக்கிவிடுவார்கள். கொடிக்காரர் தப்பிவிடுவார். அது அவளுக்கு வேண்டாம். அவர் எழுதிய சட்டமே அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும், ஊர் பார்க்க.

அறிமுக விழா தொழிற்சாலை வளாகத்திலேயே ஏற்பாடாகியிருந்தது. பன்னிரண்டு சிவப்பு வண்டிகளை, அலங்காரம் செய்வதற்காக இரண்டு நாள் முன்னதாகவே நகரத்தில் ஒரு விளம்பரக் கம்பெனிக்கு லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். விழா நாள் பத்தரை மணிக்கு அவை ஊர்வலமாக முதன்மை கேட் வழியே உள்ளே வர வேண்டும். நிறுவனத் தலைவரும் நாடு முழுவதிலுமிருந்து வந்த டீலர்களும் கேட்டுக்கு நேர் எதிரே பந்தலில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

கேட்டுக்குப் பொறுப்பு ஒரு பழைய ராணுவக்காரர். எல்லோரும் கேப்டன் என்பார்கள். எழுத்தில் இல்லாத எதையும் அவர் நம்ப மாட்டார். எழுத்தில் இருப்பதை ஒரு எழுத்துக்கூட மாற்ற மாட்டார். தன்னைப் பார்க்க வந்த சொந்த மாப்பிள்ளையின் வண்டியையே மைதானத்துக்கு அனுப்பியவர். அவள் அவருக்கு முறைப்படி ஒரு குறிப்பு அனுப்பினாள்: புது மாடல் முதல்முறை கேட்டுக்குள் வருகிறது, ஸ்டோர் சான்று இன்னும் தரப்படவில்லை. கேப்டன் முறைப்படி எழுத்தில் சான்று கேட்டார். அவர் கேட்டு எழுதிய தாளை அவள் கோப்பில் போட்டுக்கொண்டாள்.

விழா நாள் காலை ஒன்பது மணிக்கு அவள் சான்றைக் கையிலேயே எடுத்துப்போய்க் கொடுத்தாள். கேப்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"அம்மா, இது நம்ம வண்டிம்மா."

"ஆமாங்க. நம்ம வண்டியோட பட்டியல்தான். நம்ம பதிவேட்டுல இருக்கறதுதான்."

"மேல கேட்டீங்களா?"

"ஸ்டோர் சான்றே இறுதின்னு சுற்றறிக்கையில இருக்குங்க. அதுக்கு மேல யாரையும் அவரு வைக்கல."

கேப்டன் சுற்றறிக்கையை எடுத்து அந்த வரியைப் படித்துப் பார்த்தார். அவள் கணவர் படியேறியதை அவரும் கேட்டிலிருந்து பார்த்தவர்தான். சான்றைக் கோப்பில் செருகி, நேரம் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பத்தரைக்கு வண்டிகள் வந்தன. வாத்தியக்காரர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். முதல் சிவப்பு வண்டி கேட் அருகே வந்து நின்றது. குறுக்குக் கம்பி மேலே போகவில்லை. பின்னாலேயே மற்ற பதினோரு வண்டிகளும் வந்து நெடுஞ்சாலை வரைக்கும் வரிசையாக நின்றன. வாத்தியம் இரண்டு தடவை முடிந்து மூன்றாவது தடவை தொடங்கியது. டீலர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். சிலர் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

கொடிக்காரர் ஓடி வந்தார். கம்பியைத் தூக்கு என்று கேப்டனிடம் சத்தம் போட்டார். கேப்டன் விறைப்பாக நின்றார். சான்று வரவில்லை என்று சொல்லவில்லை. சான்று வந்துவிட்டது, அதனால்தான் தூக்க முடியவில்லை என்றார். தாளை நீட்டினார். கொடிக்காரர் படித்தார். ஸ்டோர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு அவருடைய முகம் தெரியவில்லை. கழுத்துப் பின்புறம் மட்டும் தெரிந்தது. அது போதுமானதாக இல்லை. அவள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அவளைக் கூப்பிட ஆள் வருவதற்குள் பாதி வழி வந்துவிட்டாள்.

அதற்குள் தலைவரும் பந்தலிலிருந்து நடந்து வந்துவிட்டார். மெல்லப் பேசுகிற வயதானவர். அவர் பின்னாலேயே டீலர்கள். தாளை வாங்கி ஒரு டீலர் உரக்கப் படித்தார். அந்தப் பருத்த மனிதர் இருபது வருடமாகக் கம்பெனி வண்டி விற்கிறவர். என்ஜின், வெளிநாடு. கியர்பெட்டி, வெளிநாடு. பிரேக், வெளிநாடு. படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"நம்முடையதுன்னு சொல்லித்தான ஜனங்ககிட்ட முன்பணம் வாங்கி வச்சிருக்கேன்," என்றார். "இப்ப என்னன்னு சொல்றது?"

தலைவர் அவளைப் பார்த்து, இதில் இருப்பது சரியா என்று கேட்டார். அவள் பதிவேட்டைத் திறந்து நீட்டினாள். எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் பாருங்கள் என்றாள். அவர் பார்க்கவில்லை. கொடிக்காரரைப் பார்த்தார்.

"இது பொய்யா?"

கொடிக்காரர் வாயைத் திறந்தார். சட்டம் தொழிலாளர்களின் வண்டிக்குத்தான், கம்பெனி வண்டிக்கு இல்லை என்றார். கேப்டன் சுற்றறிக்கையின் கடைசி வரியைப் படித்துக் காட்டினார், யாருக்கும் எதற்கும் என்று, ராணுவத்தில் உத்தரவு படிப்பதுபோல. பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். எழுத்தில் ரத்து செய்து கொடுத்தால் இப்போதே கம்பியைத் தூக்குகிறேன் என்றார் கேப்டன். தலைவர் கையால் மேசையைக் காட்டினார்.

காவல் கூண்டின் மேசையில் குனிந்து, நூறு பேர் பார்க்க, தான் எழுதிய சட்டத்தைத் தானே ரத்து செய்து கொடிக்காரர் எழுதிக் கொடுத்தார். அவள் அருகிலேயே நின்று கடைசிப் புள்ளி வரைக்கும் பார்த்தாள். நிமிர்ந்தபோது இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். அவர் அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"இதுக்குத்தானா இத்தனை நாளா வணக்கம் வச்சீங்க?"

"ஆமா," என்றாள் அவள்.

கம்பி மேலே போயிற்று. பன்னிரண்டு வண்டிகளும் உள்ளே வந்தன. கைதட்ட ஆளில்லை. கேட்டுக்கு வெளியே அவை வரிசையாக நின்ற படம் சாயங்காலத்துக்குள் நாடு முழுக்கப் போய்விட்டது. சொந்தத் தொழிற்சாலைக்குள்ளேயே விடாத சொந்த வண்டி என்று ஊர் சிரித்தது. முன்பணம் கொடுத்தவர்கள் திரும்பக் கேட்டார்கள். விளம்பரப் பலகைகளை ராவோடு ராவாக இறக்கினார்கள். மூன்று வாரத்தில் கொடிக்காரரை ராஜினாமா செய்யச் சொல்லிவிட்டார்கள். அவர் ஒரு அட்டைப்பெட்டியோடு கேட்டைத் தாண்டிப் போனபோது அவள் வேலையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய் நின்றாள். சட்டைப் பையில் கொடி இருந்ததா இல்லையா என்று அங்கிருந்து தெரியவில்லை. பாலத்தில் ஏறினார். அவருக்கு முட்டி நன்றாக இருந்தது. இரண்டிரண்டு படியாக ஏறிப் போனார். அது அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

விழா நடந்த அன்று இரவே வீட்டில் கணவரிடம் ஒன்று விடாமல் சொன்னாள். ரத்து எழுதிய இடத்தை அவர் மறுபடியும் சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னாள். அவர் முகத்தில் ஒன்றரை வருடத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் நன்றாகத் தூங்கினார்கள்.

அவளை வேலையை விட்டு எடுக்க முடியவில்லை. அவள் செய்தது முழுக்க அவளுடைய வேலை. பழைய இரும்புக் கிடங்குக்கு மாற்றினார்கள். துருப்பிடித்த தகடுகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து எடை எழுதினாள். அதை அவள் பொருட்படுத்தவில்லை.

ஆனால் சிவப்பு வண்டி எழுந்து நிற்கவே இல்லை. நான்காவது மாதம் இரண்டாவது ஷிஃப்டை நிறுத்திவிட்டார்கள். இருநூற்று அறுபது பேர் வீட்டுக்குப் போனார்கள். அண்ணன் அதில் ஒருவன்.

அவன் வீட்டுக்கு வந்து உட்காரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கணவர் மச்சான் என்று கூப்பிட்டதைக் காதில் வாங்கவில்லை.

"உன் புருஷனுக்காக என் சோத்துல மண்ணப் போட்டுட்ட," என்றான் அவளிடம்.

"அந்த வண்டியில இருந்ததெல்லாம் நான் கொண்டாந்த பாகமா?"

"எங்களுக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? சீட்டக் கிழிச்சுட்டா லைன்ல பூட்டறவனுக்குத் தெரியாமப் போயிருமா? ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். தெரிஞ்சு வாய மூடிட்டு இருந்தோம். இருநூத்தி அறுபது பேரும்."

அவள் அவனைப் பார்த்தாள். அதுவரைக்கும் அவள் கோபம் முழுக்க ஒரே மனிதன் மேல்தான் இருந்தது. இப்போது அண்ணனே வந்து மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறான்.

"தெரிஞ்சு வாய மூடிட்டா இருந்தீங்க?" என்றாள். "அப்ப அவரு கதவுல துரோகின்னு எழுதினப்பவும் தெரிஞ்சேதான் இருந்தீங்க. அவரு படியேறினப்பவும். உங்க கையில இருந்ததும் கப்பல்ல வந்ததுதான்."

அண்ணன் நிலையை விட்டுவிட்டுத் திரும்பினான். தெருமுனை வரைக்கும் அவன் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. கூப்பிடவில்லை. உள்ளே வந்தபோது கணவர் அவளைத் திட்டுவார் என்று நினைத்தாள். அவர், அந்தப் பதினோரு வண்டிக்காரர்களில் மற்ற பத்துப் பேரும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தெரியுமா என்று மட்டும் கேட்டார். அவளுக்குத் தெரியாது. அவர்களில் நாலு பேர் அந்த இருநூற்று அறுபதில் இருந்தார்கள் என்றார் அவர்.

அண்ணன் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். ஆறு மணி நேரப் பயணத்தில் உள்ள ஒரு துறைமுகம். அங்கே கப்பலிலிருந்து வண்டிகளை ஓட்டி இறக்குகிற வேலை. கணவருக்கு அவன் போன் செய்வான் என்று அவளுக்குத் தெரியும். அவள் பக்கத்தில் இருந்தால் கணவர் வாசலுக்குப் போய்விடுவார். அவளாகக் கேட்டதில்லை. இரண்டு வருடம் அப்படியே போயிற்று.

இதற்கிடையில் கணவர் அந்தப் பழைய காரில் இடது பக்கம், சொல்லிக்கொடுக்கிறவர் உட்காரும் இடத்தில், இன்னொரு பிரேக்கைப் பொருத்தி, கால் சரியில்லாதவர்களுக்கும் கிளட்ச் என்றால் பயப்படுகிறவர்களுக்கும் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார். வருமானம் பரவாயில்லை. கதவை மாற்றிவிட்டார்கள். கொடிக்காரர் எங்கே போனார், என்ன ஆனார் என்று அவள் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால், நன்றாக இருக்கிறார் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுடைய போன் அடித்தது.

"நான்தான்," என்றான் அண்ணன். எப்படி இருக்கிறாய் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது வண்டி இறக்குவதாகச் சொன்னான். எல்லாம் வாசனை மாறாத புது வண்டி. மீட்டரில் இருபது கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. இறக்கி வரிசையில் நிறுத்திவிட்டு, அடுத்ததற்கு நடந்தே போக வேண்டும்.

"வண்டி ஒண்ணு வாங்கணும்," என்றான். "இங்க பஸ் சரியில்ல."

"என்ன வண்டி?"

"நம்ம நாட்டு வண்டி. பேருக்கு இல்ல, நெசமாவே நம்ம நாட்டுல செஞ்சது. எதுன்னு இங்க எவனுக்கும் தெரியல. உனக்குத்தான் தெரியும்."

இரண்டு நாள் டைம் கொடு என்றாள். மற்ற தொழிற்சாலைகளின் ஸ்டோர்களில் அவளுக்குப் பழகியவர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் போன் செய்து, பட்டியலை வாங்கி, தகரக் கொட்டகையில் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தாள். மூன்றாம் நாள் அவளே அவனைக் கூப்பிட்டாள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இந்த நாட்டிலேயே தொழிற்சாலை போட்டுச் செய்கிற வண்டியின் பெயரைச் சொன்னாள். கடையில் கிடைக்கிற எல்லாவற்றிலும் இங்கே செய்த பாகம் அதிகமாக இருப்பது அதில்தான்.

போனில் அண்ணனுக்குப் பின்னால் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கப்பலிலிருந்து இறங்கும் ஓசை கேட்டது.

"அந்தப் பேரையா?" என்றான். "பாக்கறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும்."

"உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காத."

"நெனைக்கல. நானும் யாரையும் மன்னிக்கல."

அண்ணன் மூச்சு விட்டது கேட்டது.

"சரி. அதுல என்னென்ன கலர் வருதுன்னு பாத்துச் சொல்லு," என்றான்.

அவள் பட்டியலில் கலர்கள் போட்டிருந்த கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.